ராஜா அழ வேண்டிய பருவம்

உட்காருங்கள் அம்மா. அந்த மிளகாயை மிதித்துவிடாமல் இப்படிச் சுற்றி வாருங்கள். முன்வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தானே வருகிறீர்கள்? அங்கே இப்போது யாரையும் விடுவதில்லை. ராஜாவிடம் துக்கம் சொல்ல வருகிற எல்லோரும் இந்தப் பின்கட்டு வழியாக, என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். என் ஏற்பாடு. காரியக்காரர் நெடுமலையாருக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

மூட்டையை அப்புறம் அவிழ்க்கலாம். உங்கள் கதையையும் அப்புறம் சொல்லலாம். ராஜா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், இந்தப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். தூங்குகிறாரோ, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாரோ, யார் கண்டது. எழுந்திருக்கட்டும். அதுவரை எனக்கு இந்தக் காம்பு கிள்ளக் கொஞ்சம் கை கொடுங்கள்.

ஆமாம், நான்தான் அரசி. எழுந்திருக்காதீர்கள். இடுப்பில் சாவிக்கொத்தும் விரலில் மிளகாய் எரிச்சலுமாக ஓர் அரசி இருப்பாள் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும்தான் நினைக்கவில்லை. இந்த வறட்சியில் எனக்கு ஒரே லாபம் மிளகாய்தான். பரப்பிய அன்றே சருகாகக் காய்ந்துவிடுகிறது.

நீங்கள் கடைமடைப் பக்கமா? சேலைக்கட்டைப் பார்த்தே நினைத்தேன். அவ்வளவு தூரம் நடந்தா வந்தீர்கள்? தண்ணீரும் உங்களுக்குக் கடைசியாகத்தான் வருகிறது, சேதியும் கடைசியாகத்தான் வருகிறது. ராஜா இப்போது அழுவதே இல்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

எல்லோரும் கதை கொண்டுவருகிறார்கள். புருஷன் ஓடிப்போன கதை, வீடு எரிந்த கதை, மாடு கிணற்றில் விழுந்த கதை. அவர் முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அவர்களே அழுகிறார்கள். இவர் கேட்டுக்கொண்டிருப்பார். தலையை ஆட்டுவார். கண் மட்டும் பாறை. ஏழ்மடை நாட்டில் ராஜா அழுதால் மழை, அழாவிட்டால் வெயில். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ராஜா செத்தால் அடுத்து அது யார் கண்ணுக்குப் போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு என்ன தெரியும்? நாங்கள் கூடை முடைகிறவர்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். இவர் பெயர் பொறையன். கல்யாணப் பந்தலிலேயே அழுத மனிதர். என்னைப் பெற்றவர்கள் அழவில்லை, இவர் அழுகிறார்! என் அப்பா என் காதில், "இது மாப்பிள்ளையா, ஒழுகுற கூரையா?" என்று கேட்டார். அப்போது மழை வரவில்லை. அப்போது பழைய ராஜா இருந்தார், மழை அவர் கண்ணில் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்து, நாடே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் எருமை செத்தது. இவர் கொட்டகையில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "போதும்யா, எருமைதானே, எந்திரி" என்று நான் இழுக்கிறேன், எழுந்திருக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்து அதில் மூக்கைச் சிந்தினார். சொந்தத் தோளில் துண்டு கிடக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கூரையில் சடசடவென்று சத்தம். வெளியே வந்தால் எங்கள் தெருவில் மட்டும் மழை. பக்கத்துத் தெருக்காரர்கள் காய்ந்த மண்ணில் நின்றுகொண்டு எங்களை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். மறுநாள் பல்லக்கு வந்துவிட்டது.

கொடுத்து வைத்தவள் என்றார்கள் என்னை. என்னத்தைக் கொடுத்து வைத்தேன், சொல்லுங்கள்.

ராஜா வாழ்க்கை என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பட்டு, பால், படுக்கை. அதெல்லாம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிரிப்பதற்கு ஒரு பருவம், அழுவதற்கு ஒரு பருவம் என்று வகுத்து வைத்துவிட்டார்கள். விதைப்புக் காலம் வந்தால் அழ வேண்டும். அதிலும் அளவு. நாற்றங்காலுக்குக் கண் கலங்கினால் போதும், தூறல் விழும். நடவுக்கு நன்றாக விம்ம வேண்டும். குளம் நிரம்ப வேண்டுமென்றால் குலுங்கிக் குலுங்கி அழ வேண்டும். நெடுமலையார் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் மகாராஜா, மேல்மடைக்குப் பத்தலை" என்பார். ஒரு தடவை தும்மலும் அழுகையும் சேர்ந்து வந்து ஆலங்கட்டி விழுந்துவிட்டது. மறுநாள் வைத்தியர் வந்து மூக்கில் மருந்து விட்டார்.

இதில் எனக்கும் வேலை கொடுத்தார்கள். விதைப்பு நேரத்தில் நெடுமலையார் என்னிடம் வந்து கும்பிட்டு, "அரசியம்மா, இன்னைக்கு அவரைக் கொஞ்சம் நல்லா ஏசுங்க" என்பார். கோபம் என்ன, குழாயா, திருகினால் வருவதற்கு? நான் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். ஏதாவது ஆரம்பிப்பேன். அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு முழுவதும் வெயில்தான்.

அறுப்புக் காலம் அதற்கு நேர்மாறு. கதிர் அறுத்துக் களத்தில் கிடக்கும்போது ராஜாவின் கண்ணில் ஒரு சொட்டு வரக்கூடாது. சமையலறையில் வெங்காயம் கிடையாது. தாலாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது, அதற்குக்கூட அழுவார். எப்போது பார்த்தாலும் இரண்டு கோமாளிகள் அவர் முன்னால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருப்பார்கள். துக்கச் சேதியோடு ஒருவரும் கோட்டைக்குள் நுழையக் கூடாது. நான் அவரோடு சண்டை போடக் கூடாது. சட்டம் அம்மா, சட்டம்! அறுப்பு முடிகிறவரை என் கோபத்தையெல்லாம் ஊறுகாய் மாதிரிப் போட்டு வைத்திருப்பேன். அறுப்பு முடிந்து எடுத்துப் பார்த்தால் எதற்குக் கோபப்பட்டேன் என்பதே மறந்திருக்கும்.

அந்தக் காம்பை முழுதாகக் கிள்ளுங்கள். ஆம், அப்படித்தான்.

நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆம், அழுகை. ஊருக்கெல்லாம் அழுத மனிதர் இவர். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய ஆட்டுக்குட்டி தொலைந்ததற்கு அழுதார், உங்கள் கடைமடை வரைக்கும் அன்று வாய்க்கால் ஓடியது. எனக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிக் கிடந்தேன், "அறுப்புக் காலம், எதிர்ல வராதீங்க அரசியம்மா" என்று என்னைக் கீழ்க்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரும் சரியென்று இருந்துவிட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பல் விழுந்து முளைக்கிற வயது. பெயர் வேண்டாம். இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

கடைசியாக நடந்த அறுப்பில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நல்ல விளைச்சல் அந்த வருஷம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழு மடையிலும் கதிர் அறுத்துக் களத்தில் மலையாகக் கிடக்கிறது. உள்ளே பிள்ளை கொதிக்கிறாள். வைத்தியர் கஷாயம் கொடுக்கிறார், நெடுமலையார் வாசலில் நிற்கிறார். பிள்ளைக்காக நிற்கவில்லை, இவர் முகத்தைப் பார்ப்பதற்காக நிற்கிறார். அவள் கண்ணை மூடியதும் நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் ஓடிவந்து இவர் காலில் விழுந்தார். "மகாராஜா, களத்துல நெல் கிடக்கு. இந்த வருஷச் சோறு கிடக்கு. அழுதுடாதீங்க" என்றார்.

இவர் அழவில்லை.

அழவில்லை அம்மா! உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், ரத்தம் வந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே பளிச்சென்று வெயில். ஒரு மேகம் இல்லை. அவளுக்காக ஒரு தூறல் இல்லை. நான் ஒருத்தி அழுது என்ன ஆகப் போகிறது? என் கண்ணீரில் என்ன நனையும், என் முந்தானைதான் நனையும்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "உனக்குக் கண் இருக்கா இல்லையாய்யா?" என்றேன். "களம்..." என்றார். அவ்வளவுதான். பெற்ற மகளுக்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை அது.

அதற்கு என்ன கொண்டாட்டம் தெரியுமா? நெல் பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததாம். ராஜாவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். முன்வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறதே, பார்த்தீர்களா? நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். களம் காத்த கண். யார் யாரோ வந்தார்கள். எல்லோரும் மாலை கொண்டுவந்தார்கள். அறுப்புச் சட்டம் இருக்கிறதே, துக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அறுப்பு முடிந்த பிறகு, காலம் தவறிக் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டார்கள்.

சரி, அப்படியென்றால் எனக்கும் ஒரு சட்டம் என்று நினைத்தேன். அவள் பெயரை அவர் காது கேட்க யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அழாதவருக்கு அந்தப் பெயர் எதற்கு? அவள் என் பிள்ளை. நானே வைத்துக்கொள்கிறேன். அவளுடைய பாவாடை, சொப்பு எல்லாவற்றையும் என் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். இதோ, இந்தக் கொத்தில்தான் அந்தச் சாவி.

இவருக்கு அதெல்லாம் ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை. கல் மாதிரி இருக்கிறார். விளையாட்டு வேறு. அதோ பாருங்கள், கொல்லையில் அந்தச் சுரைக்கொடி. ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இவருக்குக் குடிக்க வைக்கிற செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அதற்கு ஊற்றிவிட்டு, நாக்கு ஒட்டிக்கொள்ள வந்து உட்காருகிறார். காய்க்கிற கொடியா என்றால் அதுவும் இல்லை. அவள் விளையாட்டாக நட்டு வைத்தது. படுக்கையும் அப்படித்தான். தேக்குக் கட்டிலை விட்டுவிட்டு, மூலையில் கிடக்கிற சின்னப் பாயில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறார். முதுகுவலியாம். முதுகுவலிக்கு ஏற்ற பாய்தான், அரை ஆள் நீளம்! அந்த ஒரு பாயை மட்டும் பெட்டியில் வைக்க எனக்கு மறந்துவிட்டது.

போன விதைப்புக்கும் மழை இல்லை, இந்த விதைப்புக்கும் இல்லை. இன்னும் சில நாள் போனால் விதை போட்டுப் பயன் இல்லை, நாடு காலியாகிவிடும் என்கிறார்கள். நெடுமலையார் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். வெங்காயம் உரித்துக் காட்டினார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, வானம் அசையவில்லை. வெங்காயக் கண்ணீருக்கெல்லாம் பெய்யாது. புகை போட்டார்கள். வடக்கேயிருந்து ஒப்பாரிக்காரர்களைக் கூட்டிவந்தார்கள், அவர்கள் போட்ட சத்தத்தில் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அந்த மனிதர் என்னிடம் வந்தார். எங்கே சுற்றி எங்கே வந்தார் பாருங்கள். "அரசியம்மா, ஒரு வழி இருக்கு. நீங்க மனசு வைக்கணும். பாப்பா பேரை அவர்கிட்ட ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தா..." என்றார். முடிக்கவிடவில்லை. கையில் மிளகாய்ச் சாந்து இருந்தது, அதை அவர் பக்கம் நீட்டினேன். ஆள் மதில் வரைக்கும் ஓடினார். பின்னே? அன்றைக்கு அழாதே என்று காலில் விழுந்த வாய்தானே இது? நெல் கிடந்தால் அவளுக்கு அழக் கூடாது, நெல் வேண்டுமென்றால் அவளுக்கு அழ வேண்டுமா? என் பிள்ளை என்ன இவர்கள் மடைக்குப் போட்ட பலகையா, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூட?

அன்றிலிருந்துதான் இந்தப் பின்வாசல் ஏற்பாடு. வருகிற ஒவ்வொருவரிடமும் கதையை நானே முதலில் கேட்டுவிடுவேன். பிள்ளை செத்த கதையாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். நெடுமலையார் அவள் கதையைப் போலவே ஒரு கதை கட்டி யாரையாவது அனுப்புவார், எனக்குத் தெரியும்.

சரி, நானே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கே, இப்போது சொல்லுங்கள். உங்களுக்கு என்ன துக்கம்? ஆடா, மாடா, புருஷனா?

என்ன?

சுவர்ப் பக்கம் திரும்பாமல் சொல்லுங்கள், எனக்குக் காதில் விழவில்லை.

உங்களுக்கு ஒன்றும் இல்லையா? கதை சொல்ல வரவில்லையா? பின்னே எதற்கு அவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள்?

துக்கம் கேட்கவா? எங்கள் வீட்டுத் துக்கத்தையா?

யார் அனுப்பினார்கள் உங்களை? உண்மையைச் சொல்லுங்கள், நெடுமலையாரா? யார் நெடுமலையார் என்றா கேட்கிறீர்கள்? அதுவும் சரிதான், கடைமடையில் அவரை யாருக்குத் தெரியும்.

இப்போதுதான் உங்களுக்குச் சேதி வந்ததா? இத்தனை நாள் கழித்தா? ஓ... உப்பு விற்கிறவர் சொன்னாரா? அந்த அறுப்பில் இங்கே ஒரு பிள்ளை போய்விட்டது என்று. உங்கள் கதிர் அன்றைக்குக் களத்தில் கிடந்தது. அதைச் சாப்பிட்டுத்தான் உங்கள் பிள்ளைகள் இந்த இரண்டு விதைப்பும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டதும் வராமல் இருக்க முடியவில்லை என்கிறீர்கள். அப்படியா.

அது என்ன மூட்டையில்? அரிசியா? துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்றா? காட்டுங்கள். இது அரிசி இல்லையே, நெல். கடைமடையில் இப்போது நெல் ஏது? அந்த நெல்லா? விதைக்கு எடுத்து வைத்ததா? விதையையா அள்ளிக்கொண்டு வந்தீர்கள்? உங்களுக்கென்ன பைத்தியமா?

கையை விடுங்கள். என் கையெல்லாம் மிளகாய். உங்களுக்கு எரியும்.

ஒருவரும் வரவில்லை அம்மா. நீங்கள்தான் முதலில். இத்தனை பேர் இந்த வாசலுக்கு வந்தார்கள், அவரவர் துக்கத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று ஒருவர், ஒரே ஒருவர்... இல்லை. எனக்கு ஒன்றுமில்லை. மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்துவிட்டேன்.

பெயரா? பிள்ளையின் பெயர் என்னவென்றா கேட்கிறீர்கள்?

துக்கம் கேட்க வந்தவர் கேட்டால் சொல்லாமல் இருக்கக் கூடாது. அது முறை இல்லை.

தும்பை.

தும்பை என்றுதான் வைத்தோம். அவர்தான் வைத்தார். பிறந்தபோது தும்பைப் பூ மாதிரி அவ்வளவு சின்னதாக, வெள்ளையாக இருந்தாள். வளர்ந்ததும் வெயிலில் அலைந்து கறுத்துப் போனாள். அடங்கவே மாட்டாள். பொய்கூடச் சொல்லுவாள். மாங்காய் பறிக்கப் போவாள், கேட்டால் கோமாளி பறித்துக் கொடுத்தான் என்பாள். விதைப்புக் காலத்தில் சபை கூடுவதற்கு முன்னால் ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொள்வாள். இரண்டு கட்டைவிரலையும் அவர் கண்ணுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, "அப்பா, இன்னைக்கு மழை வேணாம்ப்பா. நான் விளையாடப் போறேன். நாளைக்கு அழுதுக்கோ" என்பாள். நாடே காத்திருக்கும். நெடுமலையார் வாசலில் நின்று பல்லைக் கடிப்பார். இவர் அவளிடம், "சரி தாயி, நாளைக்கு அழுதுக்கிறேன்" என்பார். அவள் விளையாடிவிட்டு வருகிறவரை கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கத்துவேன், இரண்டு பேரும் சேர்ந்து நாட்டைப் பட்டினி போடப் போகிறீர்கள் என்று. தும்பை! தும்பை! என்று இந்தக் கொல்லை முழுக்கக் கத்திக்கொண்டு தேடுவேன். இப்போது கத்தினாலும்...

என்ன அது? ஓட்டில் என்னவோ விழுகிறது. அணிலா?

ஐயோ, என் மிளகாய்! பிடியுங்கள், அந்தப் பாயின் முனையைப் பிடியுங்கள், இழுங்கள். எல்லாம் போச்சு. காய்ந்து எடுக்கிற நேரம் பார்த்தா வர வேண்டும்? அந்த முறத்தை, அந்த முறத்தை...

கொஞ்சம் நில்லுங்கள்.

மழைச் சத்தத்தைச் சொல்லவில்லை. அதற்கு அடியில் ஒரு சத்தம். உங்களுக்குக் கேட்கிறதா? பலகைக்கு அந்தப் பக்கம்.

மிளகாய் நெடி போயிருக்கும். இவ்வளவு மிளகாயைப் போட்டு உதறினால் உள்ளே போகாதா?

இல்லை. நெடிக்கு இப்படிப் பெய்யாது. வெங்காயத்துக்கே பெய்யவில்லையே.

அதோ காரியக்காரர் வந்துவிட்டார் பாருங்கள், தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு. இவருக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. என்ன நெடுமலையாரே? ஆமாம், பெய்கிறது. எனக்கும் கண் தெரிகிறது. யாருடைய கதையா? ஒருவருடைய கதையும் இல்லை. இந்த அம்மாளுக்குப் பட்டும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம். என்ன? இழுக்காமல் சொல்லுங்கள். நடுமடைக் கரை பலவீனமாக இருக்கிறதா? இவ்வளவு தாங்காதா? ராஜாவை அளவாக அழச் சொல்ல வேண்டுமா?

அளவாக!

போய்க் கரைக்கு மண் போடுங்கள். ஆள் இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது, போடுங்கள். அன்றைக்கு அவர் தாங்கவில்லையா? இன்றைக்குக் கரை தாங்கட்டும். இந்த நடையைத் தாண்டி ஓர் அடி வைத்தால் மிளகாய்ச் சாந்து தேட மாட்டேன், முழு மிளகாயே இருக்கிறது இங்கே.

போகிறார். போகட்டும்.

அம்மா, நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். முதலில் அந்த மூட்டையைக் கட்டி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், நனைய விடாதீர்கள். அது விதை. உங்களுக்கு நாளைக்கே வேண்டும். நீங்கள் கொடுத்ததாகவும் நான் வாங்கிக்கொண்டதாகவும் இருக்கட்டும். இந்த நடையின் குறுக்கே இப்படி உட்காருங்கள். யார் வந்தாலும் உள்ளே விடாதீர்கள். மிளகாய் கிடக்கட்டும், அள்ள வேண்டாம்.

நான் உள்ளே போய்விட்டு வருகிறேன். போகாமல் முடியாது. இவ்வளவு வயதாகியும் அந்த மனிதருக்கு மூக்கைச் சிந்த ஒரு துணி பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாது.